காசிமேட்டுக் கருப்புக்கு எந்தப் பேப்பர்?

“கிளாசியா, மேட்டா?” பிரிண்ட் போடக் கொடுக்கும்போது கவுன்டரில் கேட்கும் ஒரே கேள்வி இது. பழக்கத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கிளாசி (பளபளப்புப் பேப்பர்) என்றால் கல்யாண ஆல்பம், மேட் (பளபளக்காத பேப்பர்) என்றால் கண்காட்சிப் படம் என்ற நம்பிக்கை வேறு ஊறிப்போயிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, படத்தில் கருப்பு எங்கே இருக்கிறது, அந்தக் கருப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை. அடுத்தது, அந்த பிரிண்ட் எந்த வெளிச்சத்தில், எந்தச் சுவரில் தொங்கப்போகிறது என்பதை. பேப்பர் பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வடசென்னையில் எடுக்கிற படங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். காசிமேட்டில் விடிவதற்கு முன் குவித்துக் கிடக்கும் நனைந்த வலை, டீசல் பிசுக்கேறிய விசைப்படகு எஞ்சின், பாக்சிங் கூடத்தில் வியர்த்து மின்னும் தோள், மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகம். இவற்றில் படம் முழுவதும் அடர்ந்த பகுதியில்தான் நடக்கிறது. பொருந்தாத பேப்பரில் முதலில் செத்துப்போவதும் அதே பகுதிதான்.

காரணம் எளிது. பிரிண்டில் கருப்பு என்பது வெளிச்சம் திரும்பி வராத இடம். நல்ல கிளாசி பேப்பரில் உச்ச அடர்த்தி சுமார் 2.1 வரை போகும். விழுந்த வெளிச்சத்தில் 0.8 சதவீதம்தான் திரும்பி வரும். மேட் பேப்பரில் அது 1.6 அளவில் நின்றுவிடும்; 2.5 சதவீதம் திரும்பி வரும். அதாவது மூன்று மடங்கு. மேட் பரப்பின் சொரசொரப்பு, விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் கருப்பின் மேல் மெல்லிய சாம்பல் திரை விழுந்தே இருக்கும். கிளாசியிலும் பரப்பு வெளிச்சத்தைத் திருப்புகிறது. ஆனால் கண்ணாடிபோல் ஒரே திசையில். தலையைச் சற்று நகர்த்தினால் அது போய்விடும், கருப்பு முழுசாகத் தெரியும்.

இதில் முகத்துக்கு நேர்வதுதான் முக்கியம். மாநிறத்திலிருந்து நல்ல கருப்பு வரையிலான தோல், படத்தின் நடுச்சாம்பலுக்குக் கீழே உட்காருகிறது. கன்னத்தின் வளைவு, கண்ணுக்குக் கீழ்க்குழி, கழுத்து நிழல் எல்லாம் அந்தக் கீழ்ப்பகுதியில் சின்னச் சின்ன வித்தியாசங்களாக இருக்கின்றன. மேட் பேப்பர் அந்தப் பகுதியைச் சுருக்கிவிடும். தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். வியர்வையின் மினுக்கு போய்விடும். உயிருள்ள முகம் மண்பொம்மை ஆகிவிடும். சரிசெய்கிறேன் என்று மொத்தமாக வெளுப்பாக பிரிண்ட் போடுவது அதைவிடப் பெரிய பிழை. நம் ஊர் முகங்களுக்குப் பளபளப்புள்ள பரப்பே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அழுத்தியே சொல்வேன்.

பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். “பரப்பு” என்ற ஒரே சொல்லில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: பளபளப்பு, மேடுபள்ளம், பேப்பரின் சொந்த நிறம். கலர் லேபில் “மேட்” என்று தருவது பெரும்பாலும் மேட்டே இல்லை, லஸ்டர். பளபளப்பான பரப்பில் பொடிப்பொடியாக மேடுபள்ளம் அழுத்தியது அது. சரியான கோணத்தில் அதன் கருப்பு கிளாசிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். விளக்கின் பிம்பம் மட்டும் சிறு புள்ளிகளாக உடைந்துபோகும். உண்மையான மேட்டில் மேலடுக்கிலேயே சிலிகா அல்லது மாவுச்சத்துத் துகள் கலந்திருக்கும். லேபில் கொடுக்கும்போது மாதிரித் துண்டை வாங்கி டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். விளக்கு புள்ளிப்புள்ளியாகத் தெரிந்தால் லஸ்டர். எதுவுமே தெரியாமல் மொத்தமாக வெளுத்தால் மேட். தேன்கூடு மாதிரி அச்சு உள்ள “சில்க்” பரப்பைத் தவிர்த்துவிடுங்கள். பின்னால் அந்த பிரிண்டை ஸ்கேன் செய்ய நேர்ந்தால் ஒவ்வொரு குழியும் ஒரு வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும். பழைய குடும்பப் படங்களை மீட்டெடுக்க முயன்றவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

இனி டார்க்ரூம், அதாவது நெகட்டிவிலிருந்து ரசாயனத்தில் பிரிண்ட் போடும் இருட்டறை. இங்கே அடிப்பேப்பர் இரண்டு வகை. ஆர்.சி. பேப்பரில் தாளின் இரு பக்கமும் பாலித்தீன் பூச்சு இருக்கும். ரசாயனம் உள்ளே இறங்காது. ஃபைபர் பேப்பரில் தாளுக்கும் எமல்ஷனுக்கும் (படம் பதியும் ஜெலட்டின் அடுக்கு) நடுவே பேரைட்டா எனப்படும் பேரியம் சல்பேட் அடுக்கு இருக்கும். தாள் முழுவதும் நனையும். இல்ஃபோர்டு மல்டிகிரேடு ஆர்.சி. டீலக்ஸில் 1எம் கிளாசி, 25எம் சாட்டின், 44எம் பேர்ல். ஃபைபர் கிளாசிக்கில் 1கே கிளாசி, 5கே மேட். டப்பாவில் எம் என்றால் ஆர்.சி., கே என்றால் கனமான ஃபைபர். ஃபோமாவில் ஃபைபர் 111 கிளாசி, 112 மேட். கொஞ்சம் வெதுவெதுப்பான நிறம் வேண்டுமென்றால் 131, 132.

ஆர்.சி.யில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 44எம். கையில் கொடுத்துப் பார்க்கிற படம், ஆல்பத்துக்குப் போகிற படம், காண்டாக்ட் ஷீட் (நெகட்டிவ்களை அதே அளவில் ஒரே தாளில் போட்டது) எல்லாவற்றுக்கும் அது தாங்கும். விரல் ரேகை எளிதில் தெரியாது. தூசிப் புள்ளியை பிரஷ்ஷால் தொட்டு மறைப்பதும் எளிது. 25எம் சாட்டின் பார்க்க அழகுதான். ஆனால் கருப்பு குறைகிறது, சாம்பல் திரை வருகிறது. அடர்ந்த படத்துக்கு அதை எடுக்கவே வேண்டாம்.

ஃபைபர் கிளாசி என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. காற்றில் உலர்த்தினால் அது கண்ணாடிப் பளபளப்பு ஆகாது. முட்டையோட்டை எண்ணெய்க் கையால் தடவியதுபோல் அடங்கிய ஒரு மினுக்கு வரும். கருப்பு வெள்ளையில் எங்களுக்கு இதைவிட நல்ல பரப்பு கிடையாது. பழைய ஸ்டூடியோக்களில் பார்த்த அந்தக் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு வேறு வேலை: ஈர பிரிண்டை முகம் கீழாக குரோமியத் தகட்டில் ஒட்டிச் சூட்டில் காயவைப்பார்கள். கிளேசிங் என்பார்கள். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ புரோமைடு பேப்பர் புழக்கத்தில் இருந்த காலத்தில் பாஸ்போர்ட் படங்களெல்லாம் அப்படித்தான் வெளியே வரும். தகட்டில் ஒரு மணல் துகள் இருந்தால் போதும், பிரிண்டில் சிப்பி வடிவில் மங்கல் விழும். இன்றைக்கு அந்த வேலை தேவையில்லை.

சென்னையில் ஃபைபர் பேப்பரைக் கெடுப்பது சூடு. மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் ஊதிக்கொள்ளும். இடுக்கி பட்ட இடத்தில் எமல்ஷன் பிறை வடிவில் பெயரும். ஓரங்கள் சுருக்கம் விடும். கிளாசியில் ஒவ்வொரு கீறலும் தெரியும். ஒரு லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்து, வாயை நன்றாக மூடி, படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரின் ட்ரே உட்கார்ந்திருக்கும் பெரிய ட்ரேயின் தண்ணீரில் போடுங்கள். 20 டிகிரி வராவிட்டாலும் 24க்குள் நிறுத்திவிடலாம். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ (ஃபிக்ஸர்), கழுவும் தண்ணீர் நான்கும் ஒன்றுக்கொன்று 2, 3 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. ஒரு எச்சரிக்கை: டெவலப்பர் சூடாக இருந்தால் படம் சட்டென்று மேலே வரும். கருத்துவிட்டதே என்று பயந்து பாதியில் எடுத்தால் கருப்பு முழுசாக ஏறாது, திட்டுத்திட்டாகவும் நிற்கும். பிறகு பேப்பரைக் குறைசொல்வோம். எக்ஸ்போஷரைக் குறையுங்கள், டெவலப்பரில் முழு நேரமும் இருக்கட்டும்.

இல்ஃபோர்டு மல்டிகிரேடு டெவலப்பரை ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் ஆர்.சி.க்கு 1 நிமிடம், ஃபைபருக்கு 2 நிமிடம். சொந்தமாகக் கலப்பவர்கள் டி-72 போடலாம்: மெட்டால் 3 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 45, ஹைட்ரோகுவினோன் 12, மோனோஹைட்ரேட் சோடியம் கார்பனேட் 80, பொட்டாசியம் புரோமைடு 2, மொத்தம் ஒரு லிட்டர்; ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். சல்ஃபைட்டில் ஒரு சிட்டிகையை முதலில் போட்டுவிட்டு மெட்டாலைக் கரையுங்கள்; மீதி சல்ஃபைட் அப்புறம். மொத்தத்தையும் முதலில் கொட்டினால் மெட்டால் கரையாது. ஸ்டாப்புக்கு லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் ஆசிட் போதும். பாரிமுனை நயினியப்ப நாயக்கன் தெரு ரசாயனக் கடைகளில் இதெல்லாம் விசாரிக்கலாம். ஒன்றுக்கு நான்கு கலந்த ரேபிட் ஃபிக்ஸரில் ஆர்.சி. 30 விநாடி, ஃபைபர் 1 நிமிடம்.

கழுவுவதில்தான் இரண்டு அடிப்பேப்பரும் முற்றிலும் பிரிகின்றன. ஆர்.சி.க்கு ஓடும் தண்ணீரில் 2 நிமிடம் போதும். நெடுநேரம் ஊறினால் வெட்டிய ஓரம் வழியாகத் தண்ணீர் ஏறி அடுக்கு பிரியும். ஃபைபருக்கு வெறும் தண்ணீர் மட்டும் என்றால் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நிற்கிற தெருவில் ஒரு மணி நேரம் குழாயைத் திறந்துவிடுவது நியாயமில்லை. ஐந்து நிமிடம் கழுவி, லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட் கரைத்த தண்ணீரில் 10 நிமிடம் அலசி, பிறகு ட்ரேயில் தண்ணீர் நிரப்பி, பிரிண்ட்களை மேல் கீழாக மாற்றிக்கொண்டே இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொட்டி, ஆறு முதல் எட்டுத் தடவை மாற்றுங்கள். கடலோரம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். கடைசி அலசலுக்கு அது வேண்டாம். கிளாசி ஆர்.சி.யில் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகக் காய்ந்து நிற்கும். கடைசி ஒரு ட்ரேக்கு மட்டும் கேன் தண்ணீர் ஊற்றி, இரு பக்கமும் ரப்பர் வைப்பரால் வழித்துத் தொங்கவிட்டால் போதும். ஃபைபரை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் கொசுவலை மேல் முகம் மேலாகப் போடுங்கள். செய்தித்தாள் மேல் போடவே கூடாது.

ஈர பிரிண்டைப் பார்த்துப் பேப்பரைத் தீர்மானிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ட்ரேயில் கிடக்கும்போது மேட்டும் கிளாசிதான். தண்ணீர்ப் படலமே பளபளப்பைக் கொடுத்துவிடுகிறது. காய்ந்ததும் வெள்ளைப் பகுதி சற்றுக் கருக்கும், கருப்பு மங்கும். ஃபைபர் மேட்டில் இது மிக அதிகம். எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஈரத்தில் மிகச் சரியாகத் தெரியும் ஒரு பிரிண்டைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். அதே நெகட்டிவை 4, 6, 8, 10, 12 சதவீதம் எக்ஸ்போஷர் குறைத்து ஐந்து துண்டுகள் போட்டு, ஹேர்டிரையரில் முழுசாகக் காயவையுங்கள். காய்ந்த துண்டுகளில் எது அந்த ஈர பிரிண்டின் வெளிர்பகுதியோடு ஒத்துப்போகிறதோ அதுவே அந்தப் பேப்பருக்கு நீங்கள் குறைக்க வேண்டிய அளவு. டப்பாவின் மேல் எழுதிவைத்துவிடலாம்.

இரண்டு பேப்பர்களின் கருப்பை ஒப்பிட, ஃபிலிமில் எதுவும் பதியாத தெளிவான ஓரத்தை என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) வைத்து, எஃப் 8இல் 3 விநாடிப் படிகளாக எக்ஸ்போஸ் செய்து, டெவலப் செய்து, காயவையுங்கள். எந்தப் படிக்கு மேல் கருப்பு இன்னும் கருக்கவில்லையோ அதுதான் அந்தப் பேப்பரின் எல்லை. இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விவாதமே தேவைப்படாது. கூடவே அரைத் துண்டைச் சேஃப்லைட்டோ (இருட்டறையின் மங்கல் விளக்கு) என்லார்ஜர் வெளிச்சமோ படாமல் டெவலப் செய்தும், மற்ற அரையை ஹைப்போவில் மட்டும் போட்டும் பாருங்கள். முதல் துண்டு சாம்பலாக இருந்தால் பேப்பர் சூட்டில் கெட்டிருக்கிறது. தகரக்கூரைக்குக் கீழே இரண்டு கோடைகளைக் கண்ட பழைய சரக்கில் இது சகஜம்; எந்தப் பரப்பாக இருந்தாலும் அதில் வெள்ளை வராது.

மேட்டை இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் பனிமூட்டம், உப்பளத்தின் வெளுப்பு, ராயபுரத்துப் பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவர், வெயிலில் காயும் வெள்ளை வேட்டி. இவற்றில் கருப்பு என்பது படத்தின் ஓரத்தில் ஒரு கோடுதான். வேலை முழுவதும் மேல்பகுதியில். இதற்கு 5கேயோ, இங்க்ஜெட் என்றால் பருத்தி மேட்டோதான் சரி. வெள்ளை பேப்பரின் மேல் உட்காராமல் பேப்பருக்குள்ளிருந்தே வருவதுபோல் இருக்கும். பென்சிலோ வாட்டர்கலரோ பிடிக்கும். கையால் வண்ணம் தீட்ட நினைப்பவர்களுக்கு மேட்தான் வசதி. மேட்டில் கான்ட்ராஸ்டை ஏற்றிக் கருப்பை வரவழைக்கப் பார்க்காதீர்கள். இல்லாத கருப்பு வராது. நிழலில் இருக்கும் விவரம்தான் அடைத்துப்போகும்.

இங்க்ஜெட்டிலும் கணக்கு இதுவேதான், கூடவே மையின் கணக்கும் சேர்கிறது. பிக்மென்ட் (நிறத்துகள் மை) பிரிண்டர்களில் இரண்டு கருப்பு மை உண்டு: பளபளப்புத் தாளுக்கு போட்டோ பிளாக், மேட்டுக்கு மேட் பிளாக். எப்சன் பி700, பி900இல் இரண்டுக்கும் தனித்தனி நாசில். டிரைவரில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மீடியா வகைதான் எந்தக் கருப்பு, எவ்வளவு மை என்பதைத் தீர்மானிக்கிறது. மேட் தாளுக்கு லஸ்டர் என்று வைத்தால் கருப்பு சோகை பிடித்தாற்போல் வரும். பளபளப்புத் தாளுக்கு மேட் என்று வைத்தால் மை விரலில் ஒட்டிக்கொண்டு வரும். எல்805 மாதிரி டேங்க் பிரிண்டர்களில் ஆறு டை (கரைந்த சாயம்) மைகளில் கருப்பு ஒன்றே ஒன்று. விலையுயர்ந்த பருத்தி மேட்டை அதில் போடுவது வீண்; நல்ல ஆர்.சி. லஸ்டரில் அதன் முழுத் திறமையும் வரும்.

ஆண்டர்சன் தெருவில் “போட்டோ பேப்பர்” என்று கட்டுக்கட்டாகக் கிடைப்பதில் பெரும்பகுதி, தாளின் மேல் நேரடியாகப் பளபளப்புப் பூசிய வகை. ஆர்.சி. அல்ல. ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள்: ஆர்.சி.யில் பிளாஸ்டிக் படலம் இழுபட்டு வரும். மற்றது சாதாரணத் தாள்போல் நார்நாராகக் கிழியும். பாஸ்போர்ட் படத்துக்கு அது போதும். மை நிறைய விழும் இருண்ட படத்துக்குப் போதாது. தாள் ஊறி நெளிந்து பிரிண்டர் தலையில் உரசும். எந்தப் பக்கம் பூச்சு என்று சந்தேகம் வந்தால் மூலையை ஈர விரலால் தொடுங்கள். பிசுபிசுக்கிற பக்கம்தான் அச்சுக்கு.

டார்க்ரூம் ஃபைபர் கிளாசிக்கு இங்க்ஜெட்டில் நேர் உறவு பேரைட்டா தாள்கள். ஹானேமியூலே ஃபோட்டோ ராக் பேரைட்டா 315 ஜி.எஸ்.எம்., கேன்சன் பேரைட்டா போட்டோகிராஃபிக் 310. காசிமேட்டுப் படங்களுக்கு இவைதான். மேட்டில் ஹானேமியூலே ஃபோட்டோ ராக் 308 நல்ல பருத்தித் தாள். ஏற்றுவதற்கு முன் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஒட்டியிருக்கும் பஞ்சுத்துகள் மேல் மை விழுந்து, பிறகு துகள் உதிர்ந்தால் கருப்புக்கு நடுவே வெள்ளைப் புள்ளி நிற்கும்.

தாள் வெள்ளையாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அது வெளுப்பூட்டியின் வேலையாக இருக்கலாம். கடைகளில் நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாகப் பளிச்சென்று எரியும். காலப்போக்கில் அந்தச் சக்தி போய்த் தாள் மஞ்சளிக்கும். புற ஊதா இல்லாத எல்.இ.டி. விளக்கில் புதுத் தாளே சற்று மஞ்சளாகத்தான் தெரியும்.

சரியான ஐ.சி.சி. ப்ரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் கோப்பு) அந்தத் தாள் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு 0 (முழுக் கருப்பு), 5, 10, 15 என்று 50 வரை சாம்பல் கட்டங்கள் உள்ள ஒரு பட்டையை அச்சடித்து, ஒரு நாள் காயவிட்டு, எந்தக் கட்டத்திலிருந்து கருப்பிலிருந்து பிரிந்து தெரிகிறது என்று பாருங்கள். மேட்டில் அது மேலே தள்ளிப்போயிருக்கும். 15இல்தான் பிரிகிறது என்றால், படத்தில் முக்கியமான நிழல் விவரம் எதுவும் 15க்குக் கீழே இருக்கக் கூடாது; எடிட்டிங் மென்பொருளின் கர்வில் (வெளிச்ச அளவை மாற்றும் வளைகோடு) அந்தப் பகுதியை மட்டும் தூக்குங்கள். கர்வில் அவ்வளவு தூக்கியும் முகம் வரவில்லை என்றால் தாளை மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்க்ஜெட் தாளைத் திறந்த கட்டாக வைத்தால் மறுநாளே ஓரம் அலையலையாக நிற்கும். சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் கவரில் வைத்து, தேவையான தாளை மட்டும் எடுங்கள். அச்சான பிரிண்டை 24 மணி நேரம் காயவிட்டு, மேலே வெள்ளைத் தாள் வைத்து இன்னொரு நாள் அடுக்கிவையுங்கள். மையிலிருக்கும் கிளைகால் (மெல்ல ஆவியாகும் கரைப்பான்) வெளியேறாமல் ஃபிரேம் போட்டால் கண்ணாடியின் உட்புறம் பனி படிந்ததுபோல் மங்கும். டை மையில் அச்சிட்ட நுண்துளைத் தாளைக் கண்ணாடி இல்லாமல் மாட்டினால் காற்றில் உள்ள ஓசோனே நிறத்தைத் தின்றுவிடும். டார்க்ரூமில் போட்ட வெள்ளி பிரிண்ட்களுக்குக் கந்தக வாயு எதிரி. தொழிற்சாலைப் பக்கம், கால்வாய்ப் பக்கம் வீடு என்றால் செலினியம் டோனிங் (படத்தின் வெள்ளியைக் காக்கும் ரசாயனக் குளியல்) செய்துவிடுவது நல்லது.

கண்ணாடிக்குள் போய்விட்டால் பரப்பின் பாதி வேலை கண்ணாடியின் கையில். எதிர்ச்சுவரில் டியூப்லைட் இருந்தால் மேட் பிரிண்ட்டிலும் வெள்ளைக்கோடு விழும். சாமி படத்தைக் கயிற்றில் மேல்பக்கம் முன்சாய்த்து மாட்டுவார்களே, அந்த முறை இதற்கு நன்றாக உதவும். விளக்குக்குப் பதில் தரை பிரதிபலிக்கும். ஆனால் கிளாசி பிரிண்ட் கண்ணாடியைத் தொடவே கூடாது. நம் ஈரக்காற்றில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். எத்தனையோ வீடுகளில் தாத்தா படம் திட்டுத்திட்டாகப் பளபளப்பது இதனால்தான். பிரித்தெடுக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஃபிரேம் கடையில், கண்ணாடிக்கும் பிரிண்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டராவது இடைவெளி விடும்படி மவுன்ட் அட்டையில் ஜன்னல் வெட்டிப் போடச் சொல்லுங்கள். அவர்களாகச் செய்ய மாட்டார்கள், பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். பின்பக்கத்தைப் பிரவுன் டேப்பால் மூடி, கீழ்மூலை இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டினால் மழைக்காலச் சுவரின் ஈரம் படத்தைத் தொடாது.